பழனிப் பாதையில் பின்னால் வந்த செவலை

பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவள் என் அம்மா. நான் படிப்பை முடித்து ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் இருவரும் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறோம் என்று, நான் பன்னிரண்டாவது படிக்கும்போதே முருகனிடம் சொல்லிவைத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த தைப்பூசங்களை லீவு இல்லையென்று தள்ளிப்போட்டேன். இந்த வருஷம் அம்மா விசைத்தறிக் கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, எனக்கும் சேர்த்துப் பச்சைச் சேலை எடுத்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கோவையில் பம்புசெட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் ஒரு பவுண்டரியில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். உருக்கிய இரும்பின் பக்கத்தில் யாரும் ரப்பர் செருப்போடு நிற்கக் கூடாது, தலைக்கவசம் இல்லாமல் கிரேனுக்குக் கீழே போகக் கூடாது. இதைப் பார்த்துச் சொல்வதும், சொல்லித் திட்டு வாங்குவதும் என் வேலை. அப்படிப்பட்டவள் அன்னூரிலிருந்து பழனி வரைக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு கிளம்பினேன். பவுண்டரியில் தெரிந்தால் என் மானம் போய்விடும்.

எங்கள் கூட்டத்தை நடத்திச் செல்பவர் ஆறுச்சாமி மாமா. உறவில்லை, ஊரில் எல்லோருக்கும் மாமா. டிராக்டர் ஓட்டுகிறார். பல வருஷமாக நடக்கிறவர் என்பதால் எங்கே நிற்பது, எங்கே படுப்பது, யார் முன்னால் போவது என்பதெல்லாம் அவர் சொல்படிதான். அம்மாவோடு தறி ஓட்டும் கோகிலா அக்காவும் வந்திருந்தாள். வழி நெடுக எனக்கு வாயாடத் துணை அவள்தான்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். சாலையோரம் பந்தல் போட்டு வழிமறித்து ஊட்டுகிறார்கள். விடியும்போது ராகிக் கூழ், சற்றுத் தள்ளிச் சுண்டல், அதைத் தாண்டினால் ஒரு மில்லின் வாசலில் மோர், மதியம் தக்காளிச் சாதம், அது செரிப்பதற்குள் கேசரி. வேண்டாமென்று சொன்னால் முகம் வாடிப்போகிறார்கள். பாதயாத்திரையில் பசித்து விழுந்தவர்கள் இருக்க மாட்டார்கள். தின்று விழுந்தவர்கள் இருக்கலாம்.

எனக்குப் பக்கத்தில் நடந்த ஓர் இளைஞர் செல்போனில் மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தான் மேனேஜரிடம் டைபாய்டு என்று சொல்லியிருப்பதாகவும், பச்சை வேட்டியோடு எடுத்த படத்தை அவள் எங்கேயும் போட்டுவிடக் கூடாது என்றும். கோகிலா அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, டைபாய்டுக்கு நடை நல்லதுங்க என்றாள்.

சாயங்காலத்துக்குள் என் உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். அம்மா எனக்கு முன்னால், தறிக்கும் நூல் கட்டுக்கும் நடுவே நடப்பவள் போலச் சிறு சிறு அடியாக, களைப்பே தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

செவலையை நாங்கள் கவனித்தது இரண்டாம் நாள் காலையில், பல்லடத்தைத் தாண்டிய பிறகு. செம்மண் நிறத்தில், ஒரு காது நுனி கிழிந்த, நன்றாக வளர்ந்த ஆண் நாய். எங்கள் கூட்டத்தின் வாலில் நடந்து வந்தது. யாரோ பிஸ்கட் போட்டிருந்தார்கள். அடுத்த பந்தலில் அதற்கும் ஒரு பாக்குமட்டைத் தட்டில் பொங்கல் வைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு பெண் அதன் நெற்றியில் விபூதி இட்டு, கழுத்தில் பச்சைத் துண்டுத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டாள். பாதயாத்திரைக் கூட்டத்தோடு நாய் சேர்ந்துகொள்வது நல்ல சகுனம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விரட்ட மாட்டார்கள். கட்டவும் மாட்டார்கள்.

துணி சுற்றிய இடத்தை நான் குனிந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வளையமாக மயிர் தேய்ந்திருந்தது. சங்கிலியில் கிடக்கிற நாய். யாரோ ஒருவர் வீட்டில் அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிறார்கள்.

மாமாவிடம் போய், இது தெரு நாய் இல்லை, யாரோ வளர்க்கிற நாய், இங்கேயே விரட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்விடும், சோறு போட்டுப் போட்டு இன்னும் தூரம் இழுத்துக்கொண்டு போகிறோம் என்றேன்.

“நாமளா அம்மணி கூப்பிட்டோம்? தானா வருது. தானா வர்ற சீவனைத் தொரத்தறது பாவமுங்க. போன வருசங்கூட ஒண்ணு வந்துச்சு. வெள்ளையா. மலை உச்சி வரைக்கும் ஏறிச் சாமியப் பாத்துச்சு, தெரியுமா?”

அந்த வெள்ளை நாய் இப்போது எங்கே என்று கேட்டேன்.

மாமா தூக்கிவந்த முருகன் வேலைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டார். 

“நாம பஸ் ஏறிட்டம்ல அம்மணி.”

அவ்வளவுதான். பழனி அடிவாரத்தில் வருஷம் முழுக்கத் திரிகிற நாய்களில் எத்தனை இப்படி நடந்து வந்தவையோ. சாமி பார்த்த கையோடு கூட்டம் பஸ் ஏறிவிடுகிறது. நாய் அந்த பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும்.

செவலையைத் திருப்பி அனுப்ப நானே முயன்றேன். கை ஓங்கினேன், ஒரு சிறு கல்லை அதன் பக்கத்தில் எறிந்தேன், போ போ என்று கத்தினேன். நாய் நின்று என்னைப் பார்த்துவிட்டு, எனக்கு இருபதடி பின்னாலிருந்து மறுபடி நடந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். மாலை போட்டுக்கொண்டு கல் எறிவதா என்று. எங்கள் சாமான் ஏற்றிய டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய் விடச் சொல்லலாமென்றால், அதில் முருகன் படமும் சமையல் பாத்திரமும் இருக்கிறது, நாயை ஏற்ற முடியாது என்றார் ஓட்டுநர்.

அதனால் அன்று முழுக்க நான் அதன் பாதுகாப்பு அதிகாரி ஆனேன். படம் எடுத்து, எங்கே சேர்ந்தது என்று எழுதி, ஸ்டேட்டஸில் வைத்தேன். பல்லடம் பக்கம் வீடுள்ள சக ஊழியர்களுக்கெல்லாம் அனுப்பினேன். சாலையின் இடது ஓரம், மண்ணில் மட்டும் அதை நடக்க வைத்தேன். லாரி வரும்போதெல்லாம் நான் வெளிப்பக்கம். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அந்த ஊர் நாய்கள் கூட்டமாக நின்றன. ஊர் நாய்களுக்கு மாலையும் தெரியாது, விபூதியும் தெரியாது. அங்கெல்லாம் கோகிலா அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், செவலை நடுவில். மந்திரி வருவது போல ஊரைக் கடந்தோம்.

“இதுக்கும் ஒரு ஹெல்மெட்டு மாட்டிப்போடு சேப்டி அம்மணி” என்றாள் அக்கா.

ஹெல்மெட் இல்லை, ஆனால் என் பையில் பவுண்டரியிலிருந்து எடுத்துவந்த ஒளிரும் ஸ்டிக்கர் இருந்தது. இருட்டோடு கிளம்பும் நேரத்துக்காக நாங்கள் பைகளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு துண்டை அதன் கழுத்துத் துணியில் ஒட்டினேன்.

மதிய வெயிலில் தார் கொதித்தது. வெறுங்காலோடு நடப்பவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்காவது குதிகாலில் தடித்த தோல். நாய் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. ஒரு புளியமரத்தடியில் அதைப் படுக்க வைத்து, பாதத்தை நனைத்து, நகத்துக்கு நடுவிலிருந்து நெருஞ்சி முள் எடுத்தேன். அது என் கையைக் கடிக்கவில்லை. நக்கவும் இல்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பந்தலில் நீட்டிய கேசரியில் உலர்திராட்சை கிடந்தது. நாய்க்கு அது விஷம் என்று படித்திருக்கிறேன். கொடுக்காதீர்கள் என்று சொன்னதற்குப் பந்தல்காரர், கோயில் பிரசாதம் எப்படி அம்மணி விஷமாகும் என்றார்.  தட்டை எடுத்து நானே தின்றுவிட்டேன். எனக்குக் கேசரியே பிடிக்காது.

மூன்றாம் நாள் காற்றாலைகளுக்கு நடுவே நடந்தோம். எங்கள் பக்கம் பொழுதுக்கும் தறிச் சத்தம். இங்கே தலைக்கு மேலே இறக்கை சுற்றும் சத்தம் மட்டும். நிழலே இல்லை. பெரிய பாசன வாய்க்கால் ஒன்றைக் கண்டதும் எல்லோரும் முகம் கழுவ இறங்கினார்கள். இரண்டு பக்கமும் சிமென்ட் பூசிய, சரிவான கரை. தண்ணீர் வேகமாகப் போனது. மனிதர்கள் படித்துறையிலோ குழாய்ப் பக்கத்திலோ இறங்கினார்கள். நாய்க்குப் படித்துறை தெரியுமா? தாகத்தில் கண்ட இடத்தில் சரிவில் இறங்கிவிட்டது. தண்ணீர் தொடும் இடத்தில் பாசி. முன்னங்கால் வழுக்கி, சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

மேலே வந்து கரையைப் பிறாண்டியது. நகம் சிமென்ட்டில் கீறுகிற சத்தம் கேட்டது. ஏற முடியவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் ஆட்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். அவருக்கு நீச்சல் தெரியாது என்று அவர் மனைவி அலறினாள். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தேன். ஒரு ஆபத்தை இரண்டாக்கக் கூடாது என்பதுதான் என் வேலையில் முதல் பாடம். பிறகு கரையோரமாக ஓடினேன். கொப்புளம் உடைந்தது தெரிந்தது.

சற்றுத் தள்ளி இன்னொரு படித்துறையில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நாய் வருது, பிடிங்க என்று கத்தினேன். அவர்கள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. துவைத்த சேலை ஒன்றை விரித்து, ஒருத்தி மேல்படியிலும் ஒருத்தி முட்டளவு தண்ணீரிலும் நின்று, வலை மாதிரி பிடித்தார்கள். நாய் அதில் வந்து மோதியது. தண்ணீரில் நின்றவள் அதன் பின்னங்காலைப் பற்றி இழுத்துப் படியில் போட்டாள். அது இருமி இருமித் தண்ணீர் கக்கியது.

“மாசம் தவறாம இதுல ஆடோ நாயோ போகுதுங்க. சாமி கும்பிடப் போறவங்க ஒரு கவுறு போட்டுக் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்களா?”

கேட்டவள் தண்ணீரில் நின்றவள். அந்தச் சேலை கிழிந்திருந்தது. அதையும் அவள் சுருட்டி வாளியில் போட்டுக்கொண்டு துவைக்க உட்கார்ந்துவிட்டாள்.

செவலையின் முன்னங்கால் நகங்கள் இரண்டு பிய்ந்து ரத்தம் வந்தது. பாதத்தின் அடித்தோல் வெந்த மாதிரி உரிந்திருந்தது. என் இரண்டு துண்டுகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். மாமா பார்த்துவிட்டு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கட்டிக் கூட்டிப்போனால் அது வேண்டுதலோடு வந்ததாக ஆகாது, அவிழ்த்துவிடுங்க என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கு எந்த வேண்டுதலும் இல்லைங்க மாமா, பொங்கலுக்கு வந்திருக்கு என்றேன். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா கூடப் பேசவில்லை. ஆனால் படுக்கும்போது தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து, முதலில் என் காலுக்கும் பிறகு நாயின் காலுக்கும் தடவிவிட்டாள்.

நான்காம் நாள் காலை, பழனிக்கு இன்னும் அரைநாள் நடைதான். கரும்புக் காட்டோரம் இட்லி தின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல். பேர் ராஜேஸ்வரி. பல்லடத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டை ஒட்டியே அவர்கள் தோட்டம். நான் அனுப்பிய படம் எங்கெங்கோ சுற்றி அவருக்குப் போயிருக்கிறது. அது எங்க பீமுடுங்க என்றார்.

எப்படி நம்புவது? போனை ஸ்பீக்கரில் போட்டு நாயின் பக்கத்தில் வைத்து, கூப்பிடுங்கள் என்றேன். “பீமுடு, ரா ரா, இண்டிக்கி ரா” என்று அந்தக் குரல் தெலுங்கில் வீட்டுக்குக் கூப்பிட்டது. மூன்று நாளாக நாங்கள் தமிழில் சொன்ன எதற்கும் அசையாத நாய், கிழிந்த காதைத் தூக்கி, எழுந்து நின்று, போனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கோகிலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு ராஜேஸ்வரி சொன்னதைக் கேட்டு இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். அவர்களிடம் ஆட்டுப்பட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருக்கிறார். பட்டிக்குக் காவல் இந்த நாய்தான். நாய் போன மறுநாளே தெரு நாய்கள் கூட்டமாக வந்து வலையைப் பிய்த்துப் பட்டிக்குள் இறங்கிவிட்டன.

“குட்டிகளக் கொதறிப் போட்டுருச்சுங்க. ரவைக்கெல்லாம் டார்ச்ச வெச்சுட்டு நானே பட்டியில உக்காந்திருக்கறேன். இன்னைக்கும் வரும். ருசி கண்டுக்கிச்சில்ல. பட்டிய உட்டுப்போட்டு நான் எப்படிங்க அங்க வர்றது? நீங்களே பாத்துத் தாட்டி உட்டீங்கன்னா...”

பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. குட்டிகளின் சங்கதி அவரையும் தைத்திருக்க வேண்டும். ஆனாலும், சாமியைப் பார்த்துவிட்டு நாளைக்கு நாமே யாரையாவது அனுப்பி வைக்கலாம், மாலையோடு பாதியில் திரும்பினால் நடந்ததெல்லாம் வீணாகப் போய்விடும் என்றார். நாளைக்கு என்றால் நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அம்மா பேசினாள். நான்கு நாளில் அவள் கூட்டத்துக்கு நடுவில் பேசியது அதுதான் முதல் தடவை.

“வேண்டுதல் என்னுதுங்கண்ணா. அவ படிச்சதுக்கு நாந்தான வேண்டினேன். நான் நடந்து முடிச்சுக்கறேன். நீ போ கண்ணு.”

அவள் என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நிரப்பிக் கொடுத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அது எனக்குப் பிடிக்காது.

போகும்போது நான்கு நாள். திரும்புவதற்கு ஒரு பகல்தான் ஆனது, ஆனால் அந்தப் பகல் நீளமானது. முதலில் வந்த பஸ்ஸில் கண்டக்டர் படியிலேயே மறித்தார். நாய்க்கு டிக்கெட் கிடையாது என்றார். டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். டிக்கெட் இருந்தாலும் இடம் கிடையாது என்றார். அடுத்த பஸ் நிற்கவே இல்லை. ஒரு ஆட்டோக்காரர் கடிக்குமா என்று கேட்டார், கடிக்காது என்றேன். அந்த நேரம் பார்த்து நாய் கொட்டாவி விட்டது. பல் வரிசையைப் பார்த்தவர் கிளம்பிவிட்டார்.

கடைசியில் பழனிச் சந்தையில் தக்காளி இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டிக்காரர் நிறுத்தினார். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே நாயும் நானும். அவர் முன்னாலிருந்து கண்ணாடி வழியாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். வெளிநாட்டு சாதியா? இல்லைங்க, நாட்டு நாய். உங்க நாயா? இல்லைங்க. அப்ப எதுக்குங்க? கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பழனி வரைக்கும் போய் மலையேறாமல் திரும்பி வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பாராட்டா, திட்டா என்று குரலில் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் நாய் என் மடியில் நேற்றைய பொங்கலை வாந்தியெடுத்தது.

காற்றாலைகளுக்கு நடுவே டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். இரண்டையும் ஒட்டியெடுக்க அவர் ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போனார். நிழல் என்று இருந்தது காற்றாலைத் தூணின் நிழல் மட்டும். அது ஒரு ஆள் படுக்கிற அகலம். அது நகர நகர நாயும் நானும் நகர்ந்து உட்கார்ந்தோம். எதிரே பச்சையும் காவியுமாகக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் எங்களைப் பார்த்து, பழனி இந்தப் பக்கமுங்க என்று அக்கறையாக வழி சொன்னது. ஒரு அம்மா லட்டு நீட்டினார். வேண்டாமுங்க என்றேன். நாய்க்கு மட்டுமாவது குடுங்க என்றார். மேளம் நெருங்கும்போதெல்லாம் நாய் எழுந்து நின்றது. முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை தோல் உரிந்தது. அரைமணி நேரமானாலும் ஆகட்டும், ஒரு நாளானாலும் ஆகட்டும், தூங்கிவிடக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

டயர் வந்தது. வண்டி போக வேண்டிய ஊர் வந்ததும் இறங்கி, ஒரு பால் வண்டியில் ஏறினோம். அதில் கேன்களின் மேல் குறுக்கே உட்கார்ந்து போனேன். பல்லடம் நெருங்க நெருங்க நாய் மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே வந்தது. ராஜேஸ்வரி சொன்ன அடையாளமான சோளக்காட்டு முக்கில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டது. பிய்ந்த நகத்தோடு எப்படித்தான் ஓடியதோ, முடிச்சுத் துண்டு என் கையிலிருந்து உருவிக்கொண்டு பின்னால் இழுபட்டுப் போனது.

பொழுது இன்னும் சாயவில்லை. நான் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாய் வலையைச் சுற்றி ஒரு முறை வந்து, கிழிந்து தைத்திருந்த இடத்தில் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆடுகள் ஒரே மூலையில் ஒண்டியிருந்தன. ராஜேஸ்வரி அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நாயைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“உங்களுக்கெல்லாம் நடந்தா புண்ணியமுங்க. வருசா வருசம் இந்த ரோட்டுல போறீங்க. போற வழியில நாய்க்கொரு பிஸ்கட்டப் போட்டுக் கூட்டிட்டுப் போயிர்றீங்க. பட்டியில இருந்ததுக என்ன பண்ணுச்சுங்க, சொல்லுங்க?”

நான் படம் போட்டேன், துண்டு கட்டினேன், வாய்க்காலில் ஓடினேன், மலையேறாமல் வந்தேன் என்று சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவர் பேசியது நியாயம். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றது நான்தான், வேறு யாரிடம் சொல்வார். பிறகு அவரே, உக்காருங்க, காலெல்லாம் ரத்தமா இருக்குது என்றார். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் வைத்தார். நான்கு நாளாக வயிறு முட்டத் தின்றவள், அன்றைக்குத்தான் பசித்துத் தின்றேன். நாய்க்குச் சங்கிலியைப் போட்டார். பட்டிக்குள்ளேயே, வலையைச் சுற்றி வர முடிகிற நீளத்துக்கு. தைப்பூசம் கழிகிற வரைக்கும் இனி இப்படித்தான் என்றார்.

ரோட்டில் மேளம் கேட்டது. பட்டியில் சங்கிலி இழுபட்டது, பிறகு அடங்கியது. நான் கை கழுவிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன். பஸ் பார்க்கத்தான் போனேன். கூட்டம் என்னைக் கடந்து போனது. அதன் வாலில், வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட ஒரு பெட்டை நாய். காம்புகள் பால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. நடக்கும்போது பால் சொட்டியது. அதன் நெற்றியிலும் விபூதி.

இது எங்கே சேர்ந்தது என்று கேட்டேன். காலையிலிருந்து வருதுங்க அம்மணி, தானா வருது என்று சிரித்தார் ஒருவர். கையில் பன் இருந்தது.

நான் குனிந்து அதன் பிடரித் தோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்தேன். விடுங்க அம்மணி, பாவமுங்க என்றார்கள். சுற்றி நின்றார்கள். ஒருவர், மாலை போட்டவளா நீ என்று கேட்டார். இதுக்குக் குட்டி இருக்குங்க, எங்கேயோ கத்திட்டிருக்கும், நீங்க போங்க என்று மட்டும் சொன்னேன், திரும்பத் திரும்ப. பெருமையாகச் சொல்லவில்லை. குரல் அவ்வளவுதான் வந்தது. பன்காரர் மட்டும் அதன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, பன்னைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

மேளம் தேய்ந்து, வளைவைத் தாண்டி, கேட்காமல் போகும் வரைக்கும் பிடித்திருந்தேன். நாய் முனகியது, கடிக்கவில்லை. பிறகு கையைத் தளர்த்தினேன். அது தெற்கே ஒரு முறை பார்த்தது. உடம்பை உதறியது. திரும்பி, மண் ஓரமாக, வந்த வழியே வடக்கே நடக்கத் தொடங்கியது.

சற்றுத் தூரம் போயிருக்கும். வடக்கே அடுத்த கூட்டத்தின் மேளம் கேட்டது. நாய் நின்றுவிட்டது. பஸ் ஒன்று வந்து என் முன்னால் வேகம் குறைத்தது, கை காட்டினால் நின்றிருக்கும். நான் எழுந்து, நாயின் பக்கத்தில் போய், ரோட்டுக்கும் அதற்கும் நடுவே வடக்கே நடக்க ஆரம்பித்தேன்.